ஊருக்கு மேற்கே மனைப்பிரிவு வருகிறதா? செட்டிநாட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆயிற்று. அதற்குப் பிறகு கோட்டையூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் எந்தச் சாலையில் போனாலும் கலர்க் கொடி நட்ட புஞ்சை ஒன்றாவது என் கண்ணில் படுகிறது. இந்தப் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேலாக மனைப்பிரிவுகளுக்கு வரைபடம் வரைந்து கொடுக்கிறவன் நான். டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஆட்கள் நிறுத்திக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பேச வசதியாக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஊருக்கு மேற்கே 12 ஏக்கர் புஞ்சை இருக்கிறது. அதற்குக் கிழக்கே, சரிவில், ஊருணி. புஞ்சையை வாங்கிய புரோமோட்டர் அதை வீட்டுமனைகளாகப் பிரிக்க மனுப் போட்டிருக்கிறார்.

அனுமதி தருவது பஞ்சாயத்தா, டிடிசிபியா?

இரண்டும்தான். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. சென்னைப் பெருநகரை சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் பார்த்துக்கொள்கிறது. நம் பக்கம் நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி. மனு இப்போது ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகப் போகிறது. பரப்பைப் பொறுத்து மாவட்ட அலுவலகமோ சென்னையில் உள்ள இயக்ககமோ ஆய்வு செய்து தொழில்நுட்ப ஒப்புதல் தரும். அப்புறம் புரோமோட்டர் சாலைகளையும் பொது இடத்தையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்துக் கட்டணங்களைக் கட்ட வேண்டும். அதன்பிறகு உங்கள் எல்லைக்குரிய மாநகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோ இறுதி அனுமதி கொடுக்கும்.

"தலைவர் கையெழுத்து வாங்கியாச்சு" என்று யாராவது சொன்னால், டிடிசிபி எண் எங்கே என்று கேளுங்கள். அந்த எண் இல்லாமல் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் அது அனுமதி பெற்ற மனை ஆகாது.

ஆய்வு என்றால் எதைப் பார்ப்பார்கள்?

முதலில் காகிதம். பட்டா, சிட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்படம் என்கிற நில அளவைப் படம், வருவாய்த் துறையின் அ-பதிவேடு. நிலம் உண்மையிலேயே மனுதாரருடையதா, நடுவில் புறம்போக்கு எதுவும் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று இவற்றில் தெரியும். அடுத்து, முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) உள்ள பகுதியானால் அந்த இடம் குடியிருப்புக்கு ஒதுக்கியதா, விவசாயத்துக்கு ஒதுக்கியதா என்று பார்ப்பார்கள். பிறகு வரைபடத்தை 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளோடு ஒப்பிடுவார்கள். அணுகுசாலையின் அகலம், உள்சாலைகள், மனை அளவு, பூங்கா இடம், மின்கம்பி போகும் பாதை எல்லாம் அதில் அடங்கும். நெடுஞ்சாலை, ரயில் பாதை, கண்மாய் பக்கத்தில் இருந்தால் அந்தந்தத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

கடைசியாகத் தளப் பார்வை. அதிகாரி நேரில் வந்து நிலத்தைப் பார்ப்பார். பங்குனியிலோ சித்திரையிலோ வந்தால் காய்ந்த சரளை மண்ணையும் சீமைக் கருவேலத்தையும்தான் பார்க்க முடியும். நம் ஊர்ப் பிரச்சினை முழுவதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்? வெயில் காலத்தில் பார்த்தால் என்ன குறை?

தண்ணீர் தெரியாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு இல்லை. நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவதுதான். அந்தச் சில வாரத்து மழையைப் பிடித்து வைத்தால் வருடம் முழுக்கத் தண்ணீர், விட்டால் இல்லை. நகரத்தார் ஊர்களை அமைத்தவர்கள் இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். வீட்டுக்குள்ளே வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் சரிந்த ஓட்டுக் கூரை. அதில் விழும் மழையை அண்டாவில் பிடித்தார்கள். மிச்சம் வீட்டு வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு, தெருவிலிருந்து ஊருணிக்குப் போயிற்று. கட்டம் போட்டது போல நேர்நேரான தெருக்கள், முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள். பார்க்க அழகு, அதோடு தண்ணீர் போவதற்கும் அதுதான் வழி.

ஊருக்கு வெளியே இன்னொரு ஏற்பாடு. மேட்டுப் புஞ்சையில் பெய்யும் மழை சரிவில் பரவி ஓடி வந்து ஊருணியில் சேரும். சில இடங்களில் அதற்கு வரத்துக்கால் வெட்டியிருப்பார்கள். பல இடங்களில் கால் என்று ஒன்றும் இருக்காது, நிலமே சரிவாக இருந்து தண்ணீரை அனுப்பும். வாய்க்கால் புறம்போக்காக இருந்தால் புலப்படத்தில் கோடு இருக்கும், அதிகாரி கண்ணில் படும். பட்டா நிலத்தின் மேல் பரவி ஓடும் தண்ணீருக்கு எந்த ஆவணத்திலும் கோடு கிடையாது.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு மனைப்பிரிவுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். பங்குனி மாதம். நான் செயின் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊருணிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி கூப்பிட்டார். "தம்பி, இதெல்லாம் தண்ணி வர்ற எடமப்பா. மழை பேஞ்சதுக்கு அப்புறம் வந்து பாரு" என்றார். சரி ஆச்சி என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். புலப்படத்தில் கால் இல்லை, வரைபடத்தில் குறை இல்லை, அனுமதியும் கிடைத்தது. சாலைகளை மண் கொட்டி மூன்றடி உயர்த்தினார்கள். அடுத்த கார்த்திகையில் சாலைக்கு மேற்கே தண்ணீர் தேங்கி மாட்டுக்கொட்டகைக்குள் புகுந்தது. கிழக்கே ஊருணி பாதிகூட நிரம்பவில்லை. விதி ஒன்றையும் நாங்கள் மீறவில்லை. ஆனாலும் அந்த ஆச்சியிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால், இரண்டு சாலைக்கு அடியில் குழாய்ப்பாலம் போட்டு அந்த ஊருணியைக் காப்பாற்றியிருக்கலாம். அதற்குப் பிறகு, மழைக்காலத்தில் ஒருமுறை நடந்து பார்க்காமல் நான் எந்த வரைபடத்தையும் முடிப்பதில்லை.

அப்படியானால் ஆய்வின்போது எதைக் கேட்க வேண்டும்?

மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, மட்டம் எடுத்த வரைபடம். நிலம் எங்கே உயரம், எங்கே பள்ளம், எந்தப் பக்கம் சரிவு என்று அதில் எண்ணோடு தெரியும். இரண்டு, சாலைகளின் உத்தேச உயரம். மனைப்பிரிவுச் சாலை இப்போதைய தரைமட்டத்தை விட எத்தனை அடி உயரப்போகிறது என்பதுதான் தண்ணீரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். மூன்று, மழைநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பது. வடிகால் என்று வரைபடத்தில் நீலக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு மனைப்பிரிவின் எல்லையோடு முடிகிறதா, ஊருணி வரைக்கும் போகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். எல்லையோடு முடிந்தால் அந்த வடிகால் தண்ணீரைப் பக்கத்துக் காட்டில்தான் கொட்டும்.

10 சதவீத இடம் என்கிறார்களே, அது என்ன?

ஓஎஸ்ஆர் என்று அலுவலகத்தில் சொல்வது. பூங்கா, விளையாட்டுத் திடல் போன்றவற்றுக்காக விட வேண்டிய திறந்தவெளி. 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறிய இடங்களுக்கு இது கிடையாது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இடமாகவும் விடலாம், வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம். 10,000-ஐத் தாண்டினால், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை இடமாகவே விட்டுத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நம் உதாரணத்தில் 12 ஏக்கர் என்பது சுமார் 48,560 சதுர மீட்டர். சாலைகளுக்கு 12,000 போகிறது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 36,560. அதில் 10 சதவீதம் சுமார் 3,656 சதுர மீட்டர், ஏறக்குறைய 90 சென்ட். சாதாரண இடமில்லை அது.

இந்த 90 சென்ட் எங்கே விழுகிறது என்பதைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். விற்காத மூலையில், மின்கோபுரத்துக்குக் கீழே, முக்கோணமாக விழுந்தால் அது புதர்க்காடாகத்தான் ஆகும். தண்ணீர் வரும் சரிவில், ஊருணியைப் பார்த்தாற்போல விழுந்தால் பிள்ளைகள் விளையாடவும் செய்வார்கள், மழைக்குத் தண்ணீர் போகவும் வழி இருக்கும். புரோமோட்டருக்கு இதில் ஒரு சென்ட்கூட நஷ்டம் இல்லை, இடம்தான் மாறுகிறது. வரைபடம் ஒப்புதலாவதற்கு முன்பு சொன்னால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

ஒப்படைத்த பூங்கா இடத்தைப் பிற்பாடு வேறு எதற்கும் திருப்ப விடாதீர்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்ததே செல்லாது என்று பெங்களூர் வழக்கு ஒன்றில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்பார்களா?

சாதாரண மனைப்பிரிவு மனுவுக்குப் பொதுக் கூட்டம் நடத்தி ஊரைக் கேட்கும் வழக்கம் இல்லை. முழுமைத் திட்டப் பகுதியில் நில உபயோகத்தை மாற்றுவதானால், பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள். அந்த அறிவிப்பில் போட்டிருக்கும் கெடுவுக்குள் எழுத வேண்டும். சின்ன எழுத்தில் சர்வே எண் மட்டும் போட்டு வரும், அதனால் உங்கள் ஊருணியைச் சுற்றியுள்ள சர்வே எண்களை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லக்கூடாது என்று இல்லை. கோப்பில் ஒரு மனு இருந்தால், ஆய்வு செய்கிற அதிகாரி அதைப் படித்துப் பதில் எழுத வேண்டிய நிலை வரும். டிடிசிபி மாவட்ட அலுவலகம், உள்ளாட்சி, வட்டாட்சியர் மூன்று இடத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

மனுவில் என்ன எழுதுவது?

கோபத்தை எழுத வேண்டாம், சர்வே எண்ணை எழுதுங்கள். "ஊரே அழியப்போகிறது" என்று இரண்டு பக்கம் எழுதிய மனுவை வைத்து ஓர் அதிகாரி ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதினால் செய்ய முடியும்:

"மேற்படி சர்வே எண்ணில் உத்தேசித்துள்ள மனைப்பிரிவின் வழியாக எங்கள் ஊருணிக்கு மழைநீர் வரத்து உள்ளது. இணைத்துள்ள புகைப்படங்கள் கார்த்திகை மாதத்தில் எடுத்தவை. மட்ட அளவுகளைச் சரிபார்த்து, வரத்துப் பாதையைத் திறந்தவெளி இடமாக ஒதுக்கவும், சாலை குறுக்கிடும் இடங்களில் குழாய்ப்பாலம் அமைக்கவும் நிபந்தனை விதித்து, அதன்பிறகு ஒப்புதல் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தளப் பார்வை நாளை எங்களுக்கும் தெரிவித்தால் நேரில் காட்டுகிறோம்."

போட்டோவில் தேதி தெரியட்டும். ஊருணி நிரம்பி வழியும் படத்தைவிட, புஞ்சையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் படம்தான் உதவும். மழை பெய்யும்போதே குடையோடு போய் எடுங்கள்.

மனுவின் நகலையும் வரைபடத்தையும் பார்க்க வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் நின்றுவிடுமா?

அது ஒன்றாலேயே நிற்காது. ஆனால் வலு உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், ஊருணி வரத்தைப் பேச அதைவிட நல்ல நாள் வேண்டாம். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. காரைக்குடியோடு சேர்க்கப்பட்ட ஊர்களில் பலருக்கு இந்த மாற்றம் இன்னும் பழகவில்லை. கவுன்சிலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் இந்தியாவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. பெருமையான விஷயம்தான். ஆனால் தற்காலிகப் பட்டியல் என்பது பின்னாளில் பரிந்துரைக்கத் தகுந்தவை என்று நாடு குறித்து வைப்பது. அதனால் மட்டும் ஒரு மனைப்பிரிவு மனுவை நிராகரிக்க முடியாது.

ஆனாலும் ஆய்வின்போது கேட்கக்கூடியது ஒன்று உண்டு. பழைய தெரு எந்த நேர்கோட்டில் போகிறதோ அதே கோட்டில் புதிய சாலை தொடரட்டும் என்று கேளுங்கள். பழைய ஊரும் புதிய மனைகளும் ஒரே ஊராக நீளும், தெருத் தண்ணீரும் பழைய வழியிலேயே போகும்.

அது கருவேலம் மண்டிய தரிசுதானே, நஞ்சை இல்லையே?

நஞ்சையானால் மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல், வேளாண்மைத் துறையின் கருத்து எல்லாம் வேண்டும், புஞ்சைக்கு நடைமுறை எளிது. அதனால்தான் நம் பக்கம் மனைப்பிரிவுகள் மேட்டுப் புஞ்சையைத் தேடி வருகின்றன. ஊருணியின் நீர்ப்பிடிப்பு பெரும்பாலும் அந்த மேட்டுப் புஞ்சைதான். தரிசு என்று பார்ப்பவருக்குத் தரிசு, ஊருணிக்கு அதுதான் தாய்மடி. ஊருணியையோ குளத்தையோ மனையாக்க முடியாது. ஊர்க்குளத்தை வீட்டுமனைக்குக் கொடுக்கக்கூடாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் குளத்தை அப்படியே விட்டுவிட்டு வரத்தை மட்டும் அடைத்தால், ஐந்து வருடத்தில் படிக்கட்டு மட்டும்தான் மிஞ்சும்.

பெரிய வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தைப் பிரித்து விற்கிறார்கள். அதற்கும் அனுமதி வேண்டுமா?

வேண்டும். இடிப்பது வேறு, மனையாகப் பிரிப்பது வேறு. பிரித்து விற்க உட்பிரிவு அனுமதி வாங்கியாக வேண்டும். அத்தோடு எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வீட்டில் இருபது முப்பது புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்குப் பங்கு இருக்கும், பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். ஒருவர் விட்டுப்போனாலும் வாங்குகிறவர் தலையில்தான் வழக்கு விழும்.

"அப்ரூவலுக்கு அப்ளை பண்ணியாச்சு" என்று முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது சுமார் 12 சென்ட்டைத் தாண்டிய மனைப்பிரிவுகளை 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும். பதியாமல் விளம்பரம் செய்வதும் முன்பதிவுக்குப் பணம் வாங்குவதும் தவறு. ரெரா எண் வந்த பிறகு, அவர்கள் இணையதளத்திலேயே ஒப்புதலான வரைபடத்தைப் பார்த்து உங்கள் மனை எண்ணைச் சரிபாருங்கள். பதிவான பிறகும்கூட, பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது.

2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரித்த அனுமதி இல்லாத மனையைப் பத்திரப் பதிவு செய்ய முடியாது, அது எவ்வளவு சிக்கல் என்பது வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடியையும் பந்தலையும் பார்த்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து நிற்பவர்களைப் பார்த்தால் மனது கஷ்டமாக இருக்கிறது.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

மனு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு செய்ய மனுதாரருக்குச் சட்டத்தில் வழி உண்டு. ஊருக்கு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடலாம். செலவும் காலமும் ஆகும். அதைவிட முக்கியமானது, அனுமதி ஆணையில் உள்ள நிபந்தனைகள். வடிகால், குழாய்ப்பாலம், பூங்கா என்று எழுதியிருந்தும் தரையில் செய்யவில்லை என்றால், ஆணை நகலோடு உள்ளாட்சிக்கும் டிடிசிபிக்கும் எழுதுங்கள். அனுமதிக்கு மாறாகச் செய்த வேலையை நிறுத்தவும் அகற்றவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

நீங்கள் புதிய வீடுகளே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. என் பிழைப்பே அதுதான். அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் வேலை செய்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் வீடு வேண்டும். பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கிற ஊரிலேயே வாடகைக்கு இரண்டு அறை கிடைக்காமல் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். மனைப்பிரிவு வரட்டும். ஆனால் ஊருணி நிரம்பும்படி வரட்டும். புதிதாக வீடு கட்டுகிறவரின் ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் அந்த ஊருணியிலிருந்து இறங்கும் நீர்தான் ஆதாரம்.

சரி, நாளைக்கே செய்யக்கூடியது என்ன?

ஊரில் வயதான ஆச்சி ஒருவரையும் ஐயா ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஊருணியைச் சுற்றி நடந்து வாருங்கள். தண்ணீர் எந்தெந்தப் பக்கமிருந்து வரும், எந்த வருடம் எதுவரை நிரம்பியது, மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கு எங்கே இருந்தது என்று கேட்டு, கிராமப் புலப்படத்தின் நகலில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் முதல் கனமழைக்கு அதே படத்தை எடுத்துக்கொண்டு போய் ஒப்பிடுங்கள். ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மனைப்பிரிவு மனு வரும்போது அதிகாரி சித்திரை வெயிலில் வந்தாலும், அந்தப் படத்தை அவர் கையில் கொடுக்கலாம்.